இரவல் வாத்தியார்கள்

கடன் வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு மரக்கால் நெல் வாங்கி, அன்றைக்கே குத்திப் பொங்கிச் சாப்பிட்டு ஏப்பம் விடுகிறவர் ஒரு வகை. அதே மரக்கால் நெல்லை வாங்கி, வயிற்றைக் கட்டிக்கொண்டு, நாற்றங்காலில் தெளித்துவிட்டு அறுவடை வரையில் காத்திருக்கிறவர் இன்னொரு வகை. நெல் என்னவோ ஒன்றுதான். ஆனால் அடுத்த வருஷம் முதல் ஆசாமி மறுபடியும் மரக்காலும் கையுமாக வந்து நிற்பார். இரண்டாவது ஆசாமி வரமாட்டார்.

அறிவைக் கடன் வாங்குவதிலும் இந்த வித்தியாசம் உண்டு. இன்று எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், கல்லூரிகளை உலகத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்ற பேச்சாகவே இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் வர வேண்டும், வெளிநாட்டுப் பேராசிரியர் வர வேண்டும், பாடத்தை உலகத்துக்குப் பொதுவான ஒரு பாஷையில் நடத்த வேண்டும் என்கிறார்கள். ஏதோ நேற்று முளைத்த யோசனை போல இதைப் பேசுகிறார்கள். உண்மையில் ஒரு தேசம் நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்பே இதையெல்லாம் செய்து பார்த்து, லாபமும் நஷ்டமும் கண்டிருக்கிறது. அந்தத் தேசம் ஜப்பான். அதன் கணக்குப் புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

1630களிலிருந்து ஜப்பான் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. நாட்டை விட்டு வெளியே போகிற ஜப்பானியனுக்கு மரண தண்டனை. ஐரோப்பியரில் டச்சு வியாபாரிகளுக்கு மட்டும் நாகசாகித் துறைமுகத்தில் தேஜிமா என்ற கையகலத் தீவில் இடம் கொடுத்திருந்தார்கள். ஆனால் கதவு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சாவித் துவாரம் ஒன்று இருக்கத்தானே செய்யும்? அந்தத் துவாரத்தின் வழியே டச்சுப் புத்தகங்கள் வந்தன.

1771ல் சுகிதா கென்பாக்கு என்ற வைத்தியர் தம் நண்பர்களுடன், தண்டனை அடைந்த ஒரு கைதியின் உடலை அறுத்துப் பார்ப்பதைக் காணப் போனார். கையில் டச்சு உடற்கூற்றுப் புத்தகம் ஒன்று. பாஷை புரியாது, படங்கள் மட்டும் புரியும். எதிரே கிடந்த உடலையும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அச்சாக அப்படியே இருந்தது. தாங்கள் பரம்பரையாகப் படித்து வந்த சீன வைத்திய நூல்களில் இருந்தது வேறு. அன்று வீடு திரும்பும் வழியிலேயே அந்தப் புத்தகத்தைத் தங்கள் பாஷையில் பெயர்ப்பதென்று தீர்மானித்துவிட்டார்கள். நல்ல அகராதி கிடையாது. கண்ணுக்கு மேலே இருக்கும் புருவம் என்றால் என்ன என்று சொல்லும் ஒரு சின்ன வாக்கியத்துக்கு நீண்ட வசந்த காலத்துப் பகல் முழுவதும் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் சுகிதா எழுதி வைத்திருக்கிறார். 1774ல் புத்தகம் வெளிவந்தது. நரம்பைக் குறிக்க அவர்கள் புதிதாக உண்டாக்கிய சொல்லைத்தான் இன்றைக்கும் ஜப்பானியர் உபயோகிக்கிறார்கள்.

இந்தப் புருவத்துக் கதையை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் விதை.

1853ல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி புகைக்கப்பல்களுடன் வந்து கதவைத் தட்டினார். பத்து வருஷம் கழித்து, 1863ல், சோஷு என்ற பிரதேசத்திலிருந்து ஐந்து வாலிபர்கள் சட்டத்துக்குத் தெரியாமல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார்கள். பிடிபட்டால் தலை போகும். அவர்களில் இருவரைக் கப்பலில் மாலுமி வேலை வாங்கிக் கசக்கிப் பிழிந்துவிட்டார்கள். லண்டனில் வில்லியம்சன் என்ற ரசாயனப் பேராசிரியர் அந்த வாலிபர்களை ஆதரித்து, யூனிவர்ஸிடி காலேஜில் படிக்கச் செய்தார். ஐவரில் ஒருவர் இட்டோ ஹிரொபூமி. பிற்காலத்தில் ஜப்பானின் முதல் பிரதம மந்திரி. இன்னொருவர் யமாவோ யோஸோ. இவர் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துக்குப் போய்ப் பகலில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்தார். மாலையில் ஆண்டர்ஸன் கல்லூரி வகுப்புகளில் உட்கார்ந்தார்.

1868ல் ராஜ்யம் மாறியது. புதிய அரசாங்கத்தின் பிரமாணத்தில், உலகமெங்கும் அறிவைத் தேட வேண்டும் என்பது ஒரு ஷரத்து. ஐந்து வருஷங்களுக்கு முன் தலை போகிற குற்றமாக இருந்த காரியம் இப்போது ராஜாங்கக் கட்டளையாகிவிட்டது!

1871 டிசம்பரில் மந்திரி இவாகுராவின் தலைமையில் பெரிய தூதுகோஷ்டி ஒன்று யோகோஹாமாவிலிருந்து புறப்பட்டது. மந்திரிகள், குமாஸ்தாக்கள், மாணவர்கள் என்று சுமார் நூறு பேர். அந்தக் கூட்டத்தில் ஐந்து பெண் குழந்தைகளும் இருந்தார்கள். பத்து வருஷம் அமெரிக்காவில் தங்கிப் படித்துவிட்டு வர வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் அரசாங்கம் கேட்டபோது யாரும் பெண்ணைக் கொடுக்க முன்வரவில்லை. கடைசியில் முன்வந்தவை, உள்நாட்டுச் சண்டையில் தோற்றுப்போன கட்சியைச் சேர்ந்த குடும்பங்கள். இழந்த மதிப்பைப் பெண்ணை அனுப்பியாவது மீட்க முடியுமா என்ற ஆசைதான் காரணமாக இருக்க வேண்டும். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு, புறப்படுமுன் அவள் தாயார் பெயரை மாற்றி ‘சுதெமட்சு’ என்று வைத்தாள். அந்தப் பெயரில் ‘எறிந்துவிடு’ என்ற பொருளும் ‘காத்திரு’ என்ற பொருளும் சேர்ந்து ஒலிக்கின்றன. கதை எழுதிப் பிழைக்கிறவன் எவ்வளவு யோசித்தாலும் இப்படி ஒரு பெயரைக் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாரிலும் சிறியவள் ட்சூடா உமேகோ. வயது ஆறு. கையில் பொம்மை வைத்துக்கொள்ள வேண்டிய வயதில் சர்க்காரின் உபகாரச் சம்பளம்! வாஷிங்டன் பக்கத்தில் பிள்ளையில்லாத ஒரு தம்பதி அவளைத் தங்கள் பெண்ணாகவே வளர்த்தார்கள். 1882ல் அவள் திரும்பி வந்தபோது தாய்பாஷை அடியோடு மறந்துபோயிருந்தது. பெற்ற தாயிடம் பேசுவதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. ராஜாங்கத்துக்கோ, படித்துவிட்டு வந்த இந்தப் பெண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆண்களுக்கு உத்தியோகங்கள் காத்திருந்தன, இவர்களுக்கு ஒன்றும் இல்லை. உமேகோ சளைக்கவில்லை. மறந்த பாஷையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். மறுபடி அமெரிக்கா போய்ப் படித்து வந்தாள். 1900ல் பத்து மாணவிகளுடன் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினாள். இன்று அது ட்சூடா சர்வகலாசாலை. 2024ல் வெளிவந்த ஐயாயிரம் யென் நோட்டில் அவளுடைய முகம் இருக்கிறது. கடனாகப் போன குழந்தை, நாணயமாகத் திரும்பிவிட்டாள்.

வெளியே ஆள் அனுப்பினால் மட்டும் போதுமா? வெளியேயிருந்தும் ஆட்களை வரவழைத்தார்கள். அரசாங்கமும் தனியாரும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் அந்நியர்களை வேலைக்கு அமர்த்தினார்கள். சிலருக்கு மந்திரிகளை விட அதிகச் சம்பளம். கிளாஸ்கோவில் படித்த யமாவோ யோஸோ தலைநகரில் பொறியியல் கல்லூரி ஒன்றுக்கு அடி போட்டார். அதற்குத் தலைவராக 1873ல் வந்தவர் ஹென்றி டையர், வயது இருபத்துநான்கு. யமாவோவைப் போலவே கிளாஸ்கோ மாலை வகுப்புகளில் படித்தவர். நிலநடுக்கத்தை ஆராய ஜான் மில்ன், விலங்கியலுக்கு எட்வர்ட் மோர்ஸ், வைத்தியத்துக்கு ஜெர்மானியர் பெல்ட்ஸ் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒருவர். 1877ல் தோக்கியோ சர்வகலாசாலை ஸ்தாபிக்கப்பட்டபோது பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. வைத்தியம் ஜெர்மன் பாஷையில்.

ஆனால் இந்த வாத்தியார்கள் இரவல் வாத்தியார்கள் என்பதை ஜப்பானியர் ஒரு நாளும் மறக்கவில்லை. ஒப்பந்தம் சில வருஷங்களுக்குத்தான். அதற்குள் ஒரு சிஷ்யன் தயாராக வேண்டும். அவன் வெளிநாடு போய் வந்து குருவின் நாற்காலியில் உட்கார வேண்டும். கட்டடக்கலைப் பேராசிரியராக 1877ல் வந்த ஜோஸையா காண்டரின் கதையைப் பாருங்கள். அவருடைய முதல் மாணவர்களில் ஒருவர் தத்சுனோ கிங்கோ. 1879ல் பட்டம் பெற்றார், இங்கிலாந்து போனார், 1884ல் குருவின் இடத்துக்கே வந்து சேர்ந்தார். பிற்காலத்தில் தோக்கியோ ரயில் நிலையத்தைக் கட்டியவர் அவர்தான். லண்டனில் தத்சுனோவிடம் ஒரு பெரிய கட்டடக் கலைஞர் ஜப்பானியப் பழங்கட்டடங்களைப் பற்றிக் கேட்க, அவர் விடை தெரியாமல் விழித்தார் என்று சொல்வார்கள். அந்த வெட்கத்தின் பலன், தாய்நாட்டுக் கட்டடக்கலையும் சர்வகலாசாலையில் ஒரு பாடமாயிற்று. குரு காண்டருக்கு இதனால் மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. அவர் அந்த நாட்டிலேயே தங்கி, 1920ல் அங்கேயே கண்ணை மூடினார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பாஷை!

1872ல் அமெரிக்காவில் ஜப்பானியப் பிரதிநிதியாக இருந்தவர் மோரி அரினோரி என்ற இளைஞர். ஜப்பானிய பாஷை நவீன அறிவுக்குப் போதாது, எளிமைப்படுத்திய ஆங்கிலத்தை நாட்டில் புகுத்திவிடலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. யேல் கல்லூரியில் பெரிய பாஷை அறிஞராக இருந்த விட்னிக்குக் கடிதம் எழுதி அபிப்பிராயம் கேட்டார். ‘பேஷ், அப்படியே செய்யுங்கள்!’ என்று பதில் வரும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ! விட்னி ஒப்பவில்லை. மக்கள் எல்லாருக்கும் கல்வி சேர வேண்டுமானால் அவர்களுடைய பாஷையில்தான் சேரும் என்பது அவர் கட்சி. லண்டனில் படித்துக்கொண்டிருந்த பாபா தட்சுயி என்ற மாணவருக்கு மோரியின் யோசனை ரத்தத்தைக் கொதிக்கச் செய்தது. 1873ல் ஜப்பானிய பாஷைக்கு ஓர் இலக்கணம் எழுதி வெளியிட்டார். நாட்டின் காரியங்கள் அந்நிய பாஷையில் நடந்தால், ஓய்வுள்ள பணக்காரன் அதைக் கற்பான், உழைக்கிற ஏழை வெளியே நிற்பான், தேசம் இரண்டாகப் பிளந்துபோகும் என்பது அவர் வாதம். வேடிக்கை என்னவென்றால், தாய்பாஷைக்காக வாதாடிய அந்தப் புத்தகத்தை அவர் எழுதியது ஆங்கிலத்தில்!

வாதம் ஒரு பக்கம் நடக்கட்டும் என்று இன்னொரு பக்கம் வேலை நடந்துகொண்டிருந்தது. ஹாலந்தில் லைடன் நகரத்தில் படித்துவிட்டு வந்த நிஷி அமானே, மேல்நாட்டுத் தத்துவ சாஸ்திரத்துக்கு ஒரு ஜப்பானியச் சொல்லைச் செய்தார். சமூகம், பொருளாதாரம் என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல் தேடினார். பழைய சொல்லுக்குப் புதுப் பொருள் ஏற்றினார். புருவத்துக்காக ஒரு பகலைச் செலவிட்ட கிழவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா! 1880களில் சர்வகலாசாலையில் ஆங்கிலம் படிப்படியாக விலகி, ஜப்பானிய பாஷை வகுப்புக்குள் நுழைந்தது. மோரியே பிறகு முதல் கல்வி மந்திரியாகி 1886ல் சர்வகலாசாலையைத் திருத்தி அமைத்தார். 1889ல் ஒரு வெறியனின் கத்திக்குப் பலியானார். அவர் புகுத்த நினைத்த ஆங்கிலம் மட்டும் புகவில்லை.

இந்த மாறுதலைத் தன் வாழ்க்கையிலேயே அனுபவித்த நாவலாசிரியர் ஒருவர் உண்டு. நட்சுமே சோசெகி. 1900ல் சர்க்கார் அவரை ஆங்கிலம் படிக்க லண்டனுக்கு அனுப்பியது. போதாத பணம், மட்டமான வாடகை அறை, பேச ஒரு துணை இல்லை. அறைக்குள்ளேயே அடைந்துகிடந்து படித்தார்; புத்தி கலங்கிவிட்டது என்று ஊருக்குச் செய்தி போகிற அளவுக்கு நிலைமை முற்றியது. 1903ல் திரும்பியதும் தோக்கியோ சர்வகலாசாலையில், மாணவர்களுக்கு உயிரான லாஃப்காடியோ ஹெர்ன் என்ற அந்நிய ஆசிரியரின் இடத்தில் அவரைப் போட்டார்கள். மாணவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஹெர்ன் கவிதையாகப் பேசினார். இவர் வாக்கியம் வாக்கியமாக அலசினார். 1907ல் வேலையை உதறிவிட்டுப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதப் போய்விட்டார். சர்வகலாசாலைக்கு நஷ்டம், நம் போன்ற கதைப் பிரியர்களுக்கு லாபம்.

இளைஞர்களுக்கு ஆங்கிலம் வரவர மோசமாகிறது என்று எங்கும் புலம்பல் எழுந்தபோது, 1911ல் சோசெகி ஒரு பதில் சொன்னார். நாங்கள் பூகோளம், சரித்திரம், கணக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்தோம், அதனால் எங்களுக்கு ஆங்கிலம் வந்தது; இப்போது சொந்த பாஷையில் கல்வி வளர்ந்திருக்கிறது, ஆகவே ஆங்கிலம் குறைகிறது, இது இயற்கை என்றார். அதோடு நிற்கவில்லை. எல்லாவற்றையும் அந்நிய பாஷையில் படிப்பது ஒருவித அவமானம், பிரிட்டனுக்கு அடங்கிய இந்தியாவைப் போன்ற உணர்ச்சியை அது உண்டாக்குகிறது என்றார். நம்மைப் பற்றித் தூரத்தில் ஒருவர் போகிற போக்கில் சொன்ன அந்த வார்த்தை, இன்றும் கொஞ்சம் சுடத்தான் செய்கிறது.

இங்கே கதையை முடித்தால் சுபமாக முடியும். ஆனால் சரித்திரம் தொடர்கதை ஆசிரியர்களின் சௌகரியத்தைப் பார்ப்பதில்லை.

1895ல் ஜப்பானிடம் தோற்ற சீனா, அடுத்த வருஷமே பதின்மூன்று மாணவர்களை ஜப்பானுக்கு அனுப்பியது. பத்து வருஷத்துக்குள் அந்தத் தொகை ஆயிரக்கணக்கில் பெருகிவிட்டது. மாணவன் வாத்தியாராகிவிட்டான்! நிஷி முதலியோர் செய்த சொற்களையெல்லாம் சீன மாணவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். தத்துவத்துக்கும் சமூகத்துக்கும் பொருளாதாரத்துக்கும் சீனாவில் இன்று வழங்குவது அவர்கள் கொண்டுபோன சொற்களே.

அந்த மாணவர்களில் ஒருவர், பிற்காலத்தில் லூ சுன் என்று பெயர் பெற்ற எழுத்தாளர். 1904ல் செண்டாய் நகரத்து வைத்தியப் பள்ளியில் சேர்ந்தார். ஃபுஜினோ என்ற ஆசிரியர் அவருடைய நோட்டுப் புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். பாஷைப் பிழைகளைக்கூட விடவில்லை. லூ சுன் பரீட்சையில் தேறியபோது, ஆசிரியர் கேள்விகளை முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிட்டார் என்று சக மாணவர்கள் சிலர் வம்பு பேசினார்கள். சீனன் சொந்த மூளையால் தேற முடியுமா என்ற இளக்காரம்! ஒரே பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையும் இருந்தது, அந்த வம்பும் இருந்தது. அதே காலத்தில் தலைநகரில், சீன மாணவர்கள் மீது போட்ட கட்டுப்பாடுகளை எதிர்த்துப் போராட்டம் நடந்தது. ஒரு பத்திரிகை அவர்களைக் கேவலமாக எழுதியது. 1905 டிசம்பரில் சென் தியன்ஹுவா என்ற மாணவர் மனம் நொந்து ஓமோரிக் கடலில் இறங்கி உயிரை விட்டார்.

பிறகு நடந்தது இன்னும் கசப்பானது. 1910ல் கொரியாவை ஜப்பான் விழுங்கியது. 1924ல் சியோலிலும் 1928ல் தைவானிலும் ஏகாதிபத்திய சர்வகலாசாலைகளைத் திறந்தது. பெரிய கட்டடங்கள், நல்ல நூல்நிலையங்கள். பாடம் எந்த பாஷையில்? ஜப்பானிய பாஷையில்! அந்நிய பாஷையில் படிப்பது அவமானம் என்று கண்டறிந்த தேசம், அந்த அவமானத்தை அடுத்த வீட்டுக்காரன் தலையில் கட்டிவிட்டது. மருமகளாக இருந்தபோது பட்டதையெல்லாம் மாமியாரானதும் மறந்துவிடுகிற கதைதான். தன் பாஷையின் மேல் உள்ள அன்பு வேறு; பிறர் பாஷையை மதிப்பது வேறு. முதலாவது இருந்தால் இரண்டாவது தானாக வந்துவிடாது.

யுத்தம் முடிந்து சாம்ராஜ்யம் மறைந்தது. 1983ல் ஜப்பான் புதிதாக ஒரு திட்டம் போட்டது: நூற்றாண்டு முடிவதற்குள் ஒரு லட்சம் வெளிநாட்டு மாணவர்கள். சற்றுத் தாமதமாக, 2003ல், அது நிறைவேறியது. 2008ல் மூன்று லட்சம் என்றார்கள். 2019ல் அதையும் தாண்டினார்கள். 2014ல் 37 சர்வகலாசாலைகளைப் பொறுக்கி எடுத்து, அந்நிய ஆசிரியர்களையும் ஆங்கிலப் பாடங்களையும் பெருக்கும்படி பணம் கொடுத்தார்கள். 2033க்குள் நான்கு லட்சம் மாணவர் என்பது புதிய குறி. 1880களில் வாசல் வழியே வெளியே அனுப்பிய ஆங்கிலத்தை மறுபடி வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்கள்.

இது தோல்வியா? அப்படிச் சொல்வதற்கில்லை. முதல் தடவை ஆங்கிலம் வந்தபோது அவர்களிடம் வேறு வழியில்லை. இன்று வருவது விருந்தாளியாக. 2008ல் பௌதிகத்துக்காக நோபல் பரிசு பெற்ற மாஸ்கவா தோஷிஹிதே, ஸ்டாக்ஹோம் மேடையில் தமக்கு ஆங்கிலம் பேச வராது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முழுப் பிரசங்கத்தையும் ஜப்பானிய பாஷையில் செய்தார். அதற்கு முன் அவர் கடல் கடந்ததே இல்லை, பாஸ்போர்ட்டுகூட வைத்திருக்கவில்லை. உலக அறிவின் உச்சிக்கு ஒரு மனிதர் வீட்டைவிட்டு வெளியே வராமல் ஏறியிருக்கிறார் என்றால், உலகத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார்? அகராதியில்லாமல் மொழிபெயர்த்த சுகிதாவும், சொல் தேடிய நிஷியும், சிஷ்யனுக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்த காண்டரும்தான்.

இதில் பெல்ட்ஸ் சொன்ன ஒரு மனக்குறையையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அவர் இருபத்தைந்து வருஷம் ஜப்பானில் வைத்தியம் கற்பித்தவர். 1901ல் அவருக்கு நடந்த பாராட்டு விழாவில், விஞ்ஞானம் ஒரு மரம், அது வளர நிலமும் காற்றும் பருவமும் வேண்டும், நாங்கள் மரம் வளர்க்க வந்தோம், நீங்களோ எங்களைப் பழம் விற்கிறவர்களாகவே நடத்தினீர்கள் என்று நேருக்கு நேர் சொன்னார். மாலை போட்ட கழுத்தோடு இதைச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். விதைநெல் வாங்கத் தெரிந்தவர்களும் அவசரத்தில் சோற்றுக்காகக் கை நீட்டியது உண்டு என்பதற்கு இது சாட்சி.

நம்முடைய சென்னைச் சர்வகலாசாலை 1857ல் பிறந்தது. தோக்கியோ சர்வகலாசாலைக்கு இருபது வயது மூத்தது. இரண்டும் ஆங்கிலத்தில்தான் வாயைத் திறந்தன. ஜப்பானியர் வாத்தியாரைத் தாங்களே தேடிப் பிடித்துச் சம்பளம் பேசி, தவணை முடிந்ததும் வழியனுப்பினார்கள். நமக்கு வாத்தியார் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டு வந்தார். வழியனுப்ப நமக்கு அதிகாரம் இல்லை. அவர்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரு பாஷை, நமக்குப் பல. ஆகவே அவர்கள் செய்ததை நாம் ஏன் செய்யவில்லை என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வது நியாயமாகாது.

ஆனால் வாத்தியார் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இப்போதும் உலகத்தின் கல்வி நம் வாசலுக்கு வருகிறது; புதிய பெயர்களோடு, புதிய சம்பளத்தோடு வருகிறது. வரட்டும், வாசலை அகலமாகத் திறந்து வைப்போம். கையில் மரக்காலை எடுக்கும்போது மட்டும், வீட்டில் உலை கொதிக்கிறதா, நாற்றங்கால் உழுது கிடக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.